முதலில் மெகரைச் சோதியுங்கள்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலோர ரயில் பாதைக்கும் இடையே நெருங்கி எழுந்துள்ள மாடிக் குடியிருப்புகளிலும், துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளிலும், வயரிங்கில் பழுதென்ற சந்தேகம் எழுந்தவுடன் எலக்ட்ரீசியன் பாஸை அழைத்து, காவலியுறையைச் சோதிக்கும் அவருடைய கருவியான மெகர் காட்டுவதை வேதவாக்காக ஏற்றுக்கொள்கிறோம். அந்த மெகருக்குள்ளேயே ஒரு திருகாணி தளர்ந்திருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் எவருக்கும் உதிப்பதில்லை.

230 வோல்ற் வீட்டு வயரிங்கின் காவலியுறையைப் பரீட்சிக்க மெகர் 500 வோல்ற் நேரோட்ட அழுத்தத்தைப் பிரயோகிக்கிறது. தடை 1 மெகா ஓமுக்குக் குறையாதிருந்தால் வயரிங் தேறிவிட்டது என்பது பொது நியமம். ஆனால் மெகரின் சோதனை வயர் அடியில் அறுந்தோ, உள்முனையின் திருகாணி நெகிழ்ந்தோ இருக்குமாயின், மின்சாரம் வெளியே செல்ல மார்க்கமின்றி, முள் நேரே முடிவிலியில் போய் நிற்கும். மின்சாரம் கசியும் வீட்டுக்கு உன்னதமான நற்சான்று கிடைத்துவிடும். எர்த் தொடர்பைச் சோதிக்கும்போது இதே தளர்வு, இல்லாத தடையைக் காட்டி வீண் செலவு வைக்கும். அது பண நஷ்டம், முன்னையதோ பிராணாபாயம்.

மகா விஞ்ஞானிகளும் இதற்கு விலக்கல்லர். ஜெனீவாவை அடுத்த சேர்ன் ஆய்வுகூடத்திலிருந்து 730 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இத்தாலியின் கிரான் சாசோவுக்கு அனுப்பப்பட்ட நியூத்திரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நனோசெக்கன் முந்தி வந்ததாக 2011 செப்டெம்பரில் வெளியான அறிவிப்பு உலகையே திகைக்க வைத்தது. மறு ஆண்டில் ஆராய்ந்தபோது, ஜிபிஎஸ் நேரத்தைக் கடிகாரத்துக்குக் கொண்டுவந்த ஒளியிழைக் கேபிள் சரிவரத் திருகப்படாததே பிரதான காரணமென்று தெரிந்தது. ஒளியை எதுவும் முந்தாது என்ற ஐன்ஸ்டீன் தப்பித்தார்.

நம் கடற்கரையின் உப்புக்காற்றோ இந்த உபத்திரவத்தை இரட்டிப்பாக்குகிறது. மெகரின் பற்றரி மூடியைத் திறந்தால் சுருள்வில்லில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். மோட்டார் சைக்கிளில் தினமும் குலுங்கி வந்த திருகாணியின் கீழ் வயர் இலேசாக ஆடும். வயர் நுனியில் ஈயம் பூசித் திருகியிருந்தாலோ, அந்த மிருதுவான ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசிந்து, இறுக்கம் தானாகவே குறைந்துவிடும். பற்றரியை அகற்றியபின் களிம்பைத் துடைத்து, ஈயம் பூசிய நுனியை வெட்டிப் புதிதாகச் செருகி, புரி தேயாத அளவுக்குத் திருகாணியை இறுக்குவது சொற்ப நேர வேலை. கத்தியால் சுரண்டுவது கூடாது, முலாம் போய்விடும்.

வருடாந்தர அளவுத்திருத்தச் சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். அந்தச் சான்று கருவி சோதிக்கப்பட்ட தினத்துக்கே உரியது. மறுநாள் தளரும் திருகாணிக்கு அது பிணையல்ல. ஆகையால், வீட்டுக்காரர்களே, அடுத்த முறை பாஸ் வரும்போது, வேலைக்கு முன்னும் பின்னும் இரு சோதனை முனைகளையும் ஒன்றோடொன்று தொடுவித்து, வயர்களைச் சற்று ஆட்டி, முள் பூச்சியத்திலேயே நிற்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள்; அதை அறிக்கையில் எழுதித் தரவும் கேளுங்கள்.