பத்து அடிக்குறிப்பும் ஒரு சாட்சியும்

செஞ்சிக் கோட்டையின் சரித்திரத்தை எழுதப் புகுகின்றவர்களுள் பெரும்பாலோர், மேற்குக் குன்றின் சரிவில் ஆடு மேய்த்துத் திரிந்த ஆனந்தகோன் என்னும் ஆயர் தலைவனுக்குப் புதையல் கிட்டியதையும், அப்பொருளைக் கொண்டு அவன் ஆள் சேர்த்துச் சிறு கோட்டையொன்றை எழுப்பியதையும், இது நிகழ்ந்த காலம் கி.பி. 1190ஐ ஒட்டியது என்பதையும் முதற்பத்தியிலேயே சொல்லி, அதற்கு மூன்று நான்கு நூல்களை ஆதாரமாக அடிக்குறிப்பில் நிறுத்திவிட்டு, நாயக்கர் காலத்துக்கு நகர்ந்துவிடுகின்றனர். அந்த நூல்களை எடுத்துப் பார்த்தால் அவையும் வேறு சில நூல்களைக் காட்டும். அவற்றைத் தேடிப் போனால் அவை இன்னும் சிலவற்றைக் காட்டும். இப்படிப் படிப்படியாக இறங்கிச் சென்றால், கடைசியில் நாம் வந்து நிற்குமிடம் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆர்க்காட்டுக் கமிஷனராக இருந்த கர்னல் வில்லியம் மக்லியோடின் விருப்பத்தின்பேரில், நாராயணன் என்பார் கேட்டும் பார்த்தும் தொகுத்த ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ அது. கர்னல் காலின் மெக்கன்ஸி சேர்த்த சுவடித் தொகுதியோடு சேர்ந்து நமக்குக் கிடைத்திருப்பது. தாம் எழுதிய நாளுக்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு நிகழ்ச்சியை அவர் சொல்லுகிறார்.

அவர் சொன்னது பொய் என்பது என் கட்சியன்று. ஓர் ஊர் தன் தோற்றத்தைப்பற்றி நினைவில் வைத்திருப்பதற்கும் சரித்திரத்தில் ஓர் இடம் உண்டு. ஆனால், பத்து நூல்கள் ஒரே கையெழுத்துப் பிரதியைப் பார்த்து எழுதியிருக்கும்போது, அங்கே இருப்பது ஒரு சாட்சி. பத்துச் சாட்சிகள் அல்ல. இந்த எளிய கணக்கைத்தான் இக்காலத்து ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியல்கள் நமக்கு மறைத்துவிடுகின்றன. பட்டியல் தயாரிக்கும் மென்பொருள்கள் வந்த பிறகு, மறைப்பு முன்னைவிட அழகாகவும் பிழையின்றியும் நடைபெறுகிறது.

முதலில் அம்மென்பொருள்களுக்குரிய மரியாதையைச் செலுத்திவிடுவோம். அஞ்சலட்டை அளவுக்குச் சீட்டு நறுக்கி, நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் எழுதி, ஆய்வேடு முடியும் தறுவாயில் அவற்றைக் கூடத்துத் தரையில் பரப்பி அகரவரிசைப்படுத்தி, தட்டச்சுக்காரரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு சீட்டு எங்கோ பறந்துபோனதை மறுநாள் உணர்ந்து தவித்த தலைமுறையினர்க்கு இன்றைய வசதி அற்புதமாகவே தோன்றும். 1985இல் பிப்டெக், அதே பத்தாண்டில் எண்ட்நோட் என்று தொடங்கிய இந்த வகையில், 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்துச் சரித்திர ஆராய்ச்சி மையத்தார் வெளியிட்ட ஜோட்டெரோ, விலையின்றிக் கிடைப்பதாலும், அதன் நிரலை எவரும் பார்த்துத் திருத்தலாம் என்பதாலும் நம் மாணவர்க்கு உகந்தது. மெண்டலி என்ற மற்றொன்றும் உண்டு. அதனை 2013இல் எல்சேவியர் என்னும் பெரும் பதிப்பகம் வாங்கிக்கொண்டது. ஜோட்டெரோவில் நூலகப் பட்டியல் பக்கத்தைத் திறந்து ஓர் அடையாளத்தைச் சொடுக்கினால் ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு யாவும் அதனதன் கட்டத்தில் போய் அமர்ந்துவிடுகின்றன. எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டில் வேண்டிய இடத்தில் குறிப்பைச் செருகினால் பட்டியல் தானே வளர்கிறது. சிகாகோ முறையில் அமைத்ததை நெறியாளர் கடைசி நேரத்தில் வேறு முறைக்கு மாற்றச் சொன்னாலும், முந்நூறு பக்கமும் ஒரு நொடியில் மாறிவிடும். கமாவுக்கும் முற்றுப்புள்ளிக்கும் ஆயுளைச் செலவிடாதிருப்பது பெரும் புண்ணியம்.

நிற்க. இந்தக் கருவியின் முன் செஞ்சியைக் கொண்டுபோய் வைத்தால் என்ன நிகழ்கிறது என்பதே நம் விசாரம்.

1597ஆம் ஆண்டளவில் நிக்கோலாஸ் பிமெந்தா என்னும் ஏசுசபைப் பாதிரியார் செஞ்சிக்கு வந்தார். கிருஷ்ணப்ப நாயக்கரின் தலைநகரைக் கண்டு வியந்து, லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துக்கல்லின் நகரங்கள் எவையும் இதற்கு ஈடாகா என்னும் கருத்துப்படக் கடிதம் எழுதினார். அக்கடிதங்களின் சாரத்தைச் சாமுவேல் பர்ச்சாஸ் என்ற ஆங்கிலேயர் தம் பயணத் தொகுதியில் சேர்த்து 1625இல் லண்டனில் அச்சிட்டார். பம்பாய்ப் புனித சவேரியார் கல்லூரியில் சரித்திரம் போதித்த ஹென்றி ஹீராஸ் பாதிரியார், ஆரவீட்டு வமிசத்தைப் பற்றி 1927இல் வெளியிட்ட நூலில் ஏசுசபைக் கடிதங்களை விரிவாகப் பயன்படுத்தினார். 1943இல் சி. எஸ். ஸ்ரீனிவாசாச்சாரியார் எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செஞ்சி சரித்திரம், நம் நாட்டில் அவ்வூரைப் பற்றிய பேச்சுக்கெல்லாம் நடுநாயகமாயிற்று. அதிலிருந்து தமிழ்ச் சிறுநூல்களுக்கும், அவற்றிலிருந்து சுற்றுலாக் கையேடுகளுக்கும் லிஸ்பன் நகரம் இறங்கி வந்தது. இப்போது ஒரு மாணவர் கையேட்டைப் படிக்கிறார். ஜோட்டெரோவில் ‘கடிதம்’ என்ற வகையைத் தேர்ந்து, ஆசிரியர் பிமெந்தா, ஆண்டு 1597 என்று நிரப்புகிறார். அச்சில் வரும் அடிக்குறிப்பைப் பார்ப்பவர், இவர் ஐரோப்பாவில் ஏசுசபையார் ஆவணங்களைப் புரட்டிவிட்டு வந்தார் என்றே எண்ணுவர். மாணவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று சொல்வதற்கில்லை. கட்டங்கள் காலியாக இருந்தன, அவர் நிரப்பினார், அவ்வளவே.

சரியாகச் செய்வதற்கு அந்தக் கருவியிலேயே வழி இருக்கிறது என்பதுதான் இதில் வருத்தத்திற்குரியது. கையில் பிடித்துப் படித்த நூல் எதுவோ அதற்கே பதிவு இட வேண்டும். மூல ஆண்டைக் கூடுதல் குறிப்புக்குரிய கட்டத்தில் எழுதலாம். மொழிபெயர்த்தவருக்குத் தனி இடம் உண்டு. சுவடி நிலையத்தின் பெயருக்கும் சுவடி எண்ணுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. ஒரு பதிவை மற்றொரு பதிவோடு உறவுபடுத்தி வைக்கவும் ஏற்பாடு உண்டு. ஆனந்தகோனைப் பற்றிய பத்து நூல்களையும் நாராயணனின் சரித்திரத்தோடு இப்படி முடிச்சுப் போட்டு வைத்தால், அந்த ஒரு பதிவைத் திறந்தவுடன் பத்தும் அதன் கீழே வரிசையாகத் தோன்றி, பத்துக்கும் வேர் ஒன்றே என்பதைக் குழந்தைக்கும் விளங்கச் செய்யும். இந்தக் கட்டங்களை நான் பார்த்த ஆய்வாளர் நூலகங்களில் பெரும்பாலும் வெறுமையாகவே கண்டிருக்கிறேன். ஒரு சொடுக்கில் தானாக நிரம்புவது நிரம்பட்டும், நிரம்பாதது வேண்டாதது என்ற மனப்பான்மை எப்படியோ வேரூன்றிவிட்டது.

செஞ்சிக்கு இது பிற ஊர்களைவிடப் பெருந்தீங்கு. இவ்வூரின் சரித்திரம் ஏறக்குறைய முழுவதும் அயலார் கைவழியாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது. 1677இல் சிவாஜி கைப்பற்றிய கோட்டையில் அவர் மகன் ராஜாராம் முற்றுகைக்குள் இருந்த காலத்தில், கிருஷ்ணாஜி அனந்த சபாசத் என்பவர் இங்கேயே இருந்துகொண்டு சிவாஜியின் சரிதையை மராத்தியில் எழுதினார். அதை நாம் அறிவது பெரும்பாலும் 1920இல் சுரேந்திரநாத சேனர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பால். 1698இல் முடிந்த அந்த முற்றுகையை மொகலாயர் பக்கத்திலிருந்து பார்த்த பீம்சேன் பாரசீகத்தில் எழுதினார். 1750இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்த செய்தி புதுச்சேரியில் எப்படி அலசப்பட்டது என்பதற்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் தினசரி இருக்கிறது. தமிழில் எழுதப்பட்ட அந்நூலைக்கூட, 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து மறுபடியும் தமிழாக்கி மேற்கோள் காட்டுகின்றவர்கள் உண்டு. பிள்ளையவர்கள் எழுதாத தமிழ் அவர் பெயரில் மேற்கோள் குறிக்குள் நிற்கிறது. மென்பொருள் தந்த குறிப்போ ஒரு புள்ளியும் பிசகாமல் இருக்கிறது.

1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட தேசிங்குராஜனுக்கு வந்தால் குழப்பம் இன்னும் சுவையாகும். அவனைப் பற்றிக் கதைப்பாடல் இருக்கிறது, கும்பினியாரின் கடிதக் கட்டுகள் இருக்கின்றன, 1960இல் வெளிவந்த திரைப்படமும் இருக்கிறது. ஜோட்டெரோ திரைப்படத்துக்கும் ஒரு வகை வைத்திருக்கிறது. பாவம், அதன்மேல் குற்றமில்லை. மூன்றையும் ஒரே எழுத்தளவில், ஒரே சாய்வெழுத்தில், அகரவரிசைப்படி அடுத்தடுத்து நிறுத்தும்போது, எதன் வாக்கு எதற்குச் செல்லும் என்ற வேறுபாடு பட்டியலில் புலப்படுவதில்லை. பழைய நூல்களில் ‘கல்வெட்டுகள்’, ‘சுவடிகள்’, ‘அச்சு நூல்கள்’ என்று பிரித்துப் போடுவார்கள். அவ்வழக்கத்தை இன்றைய பாணிகள் பலவும் கைவிட்டன.

மென்பொருளுக்குத் தமிழ்ப் பெயரும் தெரியாது. நூலகப் பட்டியலிலிருந்து இழுத்து வருகையில் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கருதிவிடுவதால், ஆனந்தரங்கப் பிள்ளையவர்கள் ‘பிள்ளை, ஆனந்தரங்கப்’ என்று ஆகி, ஒற்று அந்தரத்தில் தொங்க நிற்கிறார், வையாபுரிப் பிள்ளையும் அவர் பக்கத்தில் பகரத்தின்கீழ் வந்து சேருகிறார், உ.வே.சா. ஐகாரத்தில் ஏறிக்கொள்கிறார். பெயர்க் கட்டத்துக்கு அருகிலுள்ள சிறு பொத்தானை அழுத்தி இரண்டு கட்டத்தை ஒன்றாக்கிவிட்டால் இத்தொல்லை தீரும். இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிஷம் போதும். அகரவரிசை அதைவிடச் சங்கடம். கணினியில் தமிழ் எழுத்துகளுக்குத் தந்துள்ள குறியீட்டு எண் வரிசையில் ளகரம் வகரத்துக்கு முன் நிற்பதால், அவ்வெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல்களில் ‘களவழி’ முந்தும், ‘கவிமணி’ பிந்தும். நம் அகராதி மரபோ இதற்கு நேர்மாறு. ஊர்ப்பெயரிலும் எச்சரிக்கை வேண்டும். மொகலாயர் ஏடுகளில் நஸ்ரத்கட், மராத்தியில் சந்தி, ஐரோப்பியர் எழுத்தில் பற்பல வடிவங்கள் என்று செஞ்சி பல வேஷம் புனைந்திருப்பதால், எல்லாவற்றையும் ஒரே குறிச்சொல்லின்கீழ்ச் சேர்த்துவைக்காத மாணவர் தம் சேகரத்திலேயே தம் ஊரைத் தேடிக் காணமாட்டார்.

எந்தப் பிரதி, யாரிடமிருந்து, எவ்வழியாக வந்தது என்று சொல்லும் பழக்கம் நமக்குப் புதிதன்று. 1887இல் சீவகசிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், தமக்குக் கிடைத்த ஏட்டுப் பிரதிகள் எவ்வூரினின்றும் எவர் வீட்டினின்றும் வந்தன என்று முகவுரையில் நன்றியோடு எழுதினார். அந்தச் சிரத்தையை ஒரு கட்டத்தில் போட்டு வைக்கத்தான் மென்பொருள் இன்று இடம் கொடுக்கிறது.

பின் ஏன் நாம் அதைச் செய்வதில்லை? என் அபிப்பிராயத்தில் காரணம் மாணவரிடம் மட்டும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிகள் வகுத்தது. ஆய்வேட்டில் ஒப்புமை நூற்றுக்குப் பத்து வரை இருந்தால் தண்டனையில்லை. அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. முறைப்படி மேற்கோள் காட்டிய பகுதியும் துணைநூற்பட்டியலும் அக்கணக்கில் சேரா. விதியின் நோக்கம் நல்லதே. ஆயினும் விளைந்தது என்னவென்றால், அடிக்குறிப்பு என்பது படிப்பவர் பின்தொடர்ந்து சென்று சோதிப்பதற்குரிய பாதை என்ற நிலை மாறி, ஒப்புமை சதவீதத்தைக் குறைக்கும் கவசமாயிற்று. கவசத்துக்குக் கனம் போதும். அது எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை. ஆகவே பட்டியல்கள் நீளுகின்றன. செயற்கை நுண்ணறிவைக் கேட்டால், உலகில் இல்லாத கட்டுரைக்கும் ஆண்டும் பக்க எண்ணும் தந்து, சிகாகோ முறையில் அழகாக அடுக்கிக் கொடுத்துவிடுகிற காலமிது. அதுவும் பட்டியலில் போய் மற்றவற்றோடு மற்றொன்றாக அமர்ந்துகொள்ளும்.

2025 ஜூலையில் மராத்தியரின் இராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுதியில் அடங்கிய பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சியும் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலில் ஏறிற்று. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது இது ஒன்றே. இனி இவ்வூரைப் பற்றிக் கட்டுரைகளும் ஆய்வேடுகளும் பெருகும். ஜான் தெலோஷ் போன்ற ஓரிருவர், மதிலையும் அகழியையும் வாயிலையும் நேரில் ஆராய்ந்து புதிய சாட்சியத்தைக் கொண்டுவந்தனர். 2005இல் புதுச்சேரியில் வெளியான அவருடைய நூல் அதற்கு அத்தாட்சி. எஞ்சியவை பெரும்பாலும் 1943ஐயே திரும்பத் திரும்பச் சொல்லப் போகின்றன. அது தவறன்று, அப்படியென்று சொல்லிவிட்டால்.

விழுப்புரம் மாவட்டத்துக் கல்லூரிகளின் சரித்திரத் துறையினர் ஜோட்டெரோவில் பொதுச் சேகரம் ஒன்றைத் தொடங்கி, செஞ்சி பற்றிய ஒவ்வொரு நூலுக்கும் அதன் மூலத்தை முடிச்சிட்டு வைக்கலாம். குழுவாகச் சேர்ந்து பதிவிட அதில் வசதி உண்டு, செலவும் பெரிதில்லை. வாய்மொழித் தேர்வில் இன்னொன்று செய்யலாம். பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு மூன்று இடத்தில் விரல் வைத்து, இம்மூன்றையும் எங்கே, எந்தப் பதிப்பில், எந்த மொழியில் பார்த்தீர்கள் என்று தேர்வாளர் கேட்கட்டும். அங்ஙனம் கேட்பதற்கு, தேர்வாளரும் அம்மூன்றில் ஒன்றையேனும் பார்த்திருத்தல் வேண்டும். இந்த யோசனைக்குப் பல்கலைக்கழகங்களில் எதிர்ப்பு எழுமானால், அது மாணவர் பக்கத்திலிருந்து முதலில் எழும் என்று எனக்குத் தோன்றவில்லை.