ஒரே காங்கிரஸ், இரண்டு பதிவேடுகள்

அமெரிக்க காங்கிரஸில் 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபை 1973 முதல் மின்னணு முறையில் வாக்களிக்கிறது. உறுப்பினர் அட்டையைச் செருகிப் பொத்தானை அழுத்தினால், சுவரில் அவர் பெயருக்கு நேரே பச்சையோ சிவப்போ விளக்கு எரியும். 100 பேர் கொண்ட செனட்டிலோ எழுத்தர் இன்றும் அகரவரிசையில் பெயர் கூப்பிடுகிறார். 2017 ஜூலையில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைக் காப்பாற்றிய ஜான் மெக்கெய்னின் வாக்கு, கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டிய ஒரு சைகைதான். பெயர் கூப்பிடும் இந்த முறையைப் பழம்பஞ்சாங்கம் என்று கேலி செய்வோருடன் நான் சேரமாட்டேன். நூறு பேரை எண்ண இயந்திரம் எதற்கு? இயந்திரம் வந்தால் தில்லுமுல்லு ஒழியும் என்பதும் இல்லை. 2003 நவம்பரில், 15 நிமிடத்தில் முடியக்கூடிய வாக்கெடுப்பை ஆளுங்கட்சி ஏறக்குறைய மூன்று மணி நேரம் இழுத்து, தோற்றுக்கொண்டிருந்த முதியோர் மருந்து மசோதாவை 220-215 என்று ஜெயிக்க வைத்ததும் அதே மின்னணுப் பலகையின் கீழேதான்.

என் குறை எண்ணுவதில் அல்ல, எண்ணியதை எழுதி வைப்பதில். இரு அவைகளும் பெயர்வாரி வாக்குகளை இணையத்தில் கணினி படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் கோப்புகளாக வெளியிடுகின்றன. பிரதிநிதிகள் சபை தன் உறுப்பினர்களைக் காட்டுவது, இரு அவையினருக்கும் பொதுவான வாழ்க்கைக் குறிப்புத் தொகுப்பின் அடையாள எண்ணால். செனட் காட்டுவது தனக்கென வைத்திருக்கும் வேறொரு எண்ணால். ஆகவே பிரதிநிதிகள் சபையில் இருந்து செனட்டுக்குப் போனவர் கோப்புகளில் இரண்டு ஆட்களாகிவிடுகிறார். எண்ணைப் பொருத்திய பிறகும் கவனம் வேண்டும் என்பது உண்மை. 2018 அக்டோபரில் நீதிபதி கவனாவின் உச்ச நீதிமன்ற நியமனத்தை எதிர்த்த செனட்டர் லிசா மர்கௌஸ்கி, மகள் திருமணத்துக்குப் போயிருந்த சக செனட்டர் ஸ்டீவ் டெய்ன்ஸின் ஆதரவு வாக்குக்கு ஈடாகத் தன் வாக்கை நிறுத்திக்கொண்டார். பதிவில் அவர் வெறும் ‘ஆஜர்’. எதிர்ப்பு அவைக் குறிப்பைப் படிப்பவருக்கே தெரியும். அத்தகைய விதிவிலக்குகளைத் தேடிப் படிக்க நேரம் வேண்டுமானால், எண் பொருத்தும் வேலையாவது வாக்காளர் தலையில் விழக்கூடாது.

ஒவ்வொரு அவையும் தன் விதிகளைத் தானே வகுக்கலாம் என்கிறது அரசமைப்பு, அதில் தலையிடலாமா என்பார்கள். அதே முதல் உறுப்பின் ஐந்தாம் பிரிவுதான், நடவடிக்கைக் குறிப்பை வெளியிட வேண்டும் என்றும், வந்திருப்போரில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் வாக்குகளைப் பெயரோடு பதிய வேண்டும் என்றும் சொல்கிறது. வாக்களிக்கும் முறை அவையின் உரிமை, பதிவு மக்களுக்கானது. தன்னார்வலர்கள் ஏற்கெனவே இரு எண்களையும் இணைத்துப் பட்டியல் தருகிறார்களே என்பது இன்னொரு சமாதானம். தருகிறார்கள், அவர்களுக்கு நன்றி. ஆனால் அரசு ஆவணத்தைப் படிக்க அடுத்தவர் தயவு எதற்கு? செனட் பெயர் கூப்பிடும் வழக்கத்தைத் தாராளமாகத் தொடரட்டும். தன் கோப்பில் அந்தப் பொது எண்ணுக்கு ஒரு இடம் ஒதுக்கினால் போதும்.