பட்டுச் சேலைக்கு ஷூ போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால், ஒரு காலத்தில் உங்கள் நோட்டில் நான் சிவப்பு மையால் சுழித்ததற்குப் பழிவாங்கிக்கொள்ளலாம்.

போன வாரம் சங்கரன்கோவிலில் நம் வீட்டுக் கல்யாணம். சாயங்கால வரவேற்புக்கு மயில்கழுத்து நிறப் பட்டு, அரக்குக் கரை, தலையில் பிச்சிப்பூ, காலில் கறுப்பு ஷூ. கயிறு கட்ட வேண்டாத, அப்படியே மாட்டிக்கொள்கிற ஷூ. மேடைக்கு ஏறும்போது நாத்தனார் முறையில் ஒருத்தி காதில் வந்து, "மைனி, அதக் கழட்டிப் போட்டுட்டு வாங்க, பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க" என்றாள். நான் கழற்றவில்லை. மறுநாள் குடும்பக் குரூப்பில் போட்டோ வந்தது. முழங்காலோடு வெட்டியிருந்தார்கள். என் ஷூவை மறைப்பதற்காகப் பதினான்கு பேருடைய காலும் போய்விட்டது! அதற்குக் கீழே ஒரு கமெண்ட்: "டீச்சர் ஓட்டப்பந்தயத்துக்கு வந்திருக்காங்க." எழுதினவன் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். பெயர் சொல்ல மாட்டேன், அவனுக்கே தெரியும்.

அந்தப் போட்டோவில் இல்லாத ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். என் பெரியம்மை மகள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அறுபத்தெட்டு வயதில், பேத்தி வளைகாப்புக்கு எல்லோரும் சொன்னார்களே என்று பளபளவென்று குதி உயர்ந்த செருப்புப் போட்டுக்கொண்டு போனாள். "அக்கா, சேலைக்கு எடுப்பா இருக்கு" என்று அன்றைக்குப் பாராட்டாத ஆள் இல்லை. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன இடத்தில் ஈர மார்பிள் தரை. இடுப்பெலும்பு முறிந்தது. இன்றுவரை வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறாள். கல்யாணத்துக்கு வரவில்லை. அந்தச் செருப்பைப் பற்றி மட்டும் யாரும் குரூப்பில் ஒரு கமெண்டும் போட்டதில்லை.

நான் முப்பத்து மூன்று வருஷம் நின்றே பாடம் நடத்தினவள். நாற்காலி இருக்கும், உட்கார்ந்தால் சோம்பேறி டீச்சர் என்று பெயர் வரும். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியதே 2021இல்தான். அதுவரை அவர்கள் கால் யார் கணக்கிலும் இல்லை. நின்று நின்று எனக்குக் குதிகால் வலி வந்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் அடி முள்ளில் வைத்த மாதிரி இருக்கும். வந்தவர்களுக்குத்தான் தெரியும் அது.

வயதாக ஆகக் குதிகாலுக்கு அடியில் மெத்தை மாதிரி இருக்கும் கொழுப்பு மெலிகிறது. பாதத்து நார்கள் தளர்ந்து பாதம் அகலமாகிறது. இருபத்தைந்து வயதில் போட்ட அளவையே அறுபதிலும் கேட்டு வாங்கினால் விரல் நெருக்கத்தான் செய்யும். சர்க்கரை இருந்து பாதம் மரத்துப்போனவர்களுக்குச் செருப்பு கடித்ததே தெரியாது, புண்ணாகிச் சீழ் பிடித்த பிறகுதான் தெரியும். நம்மூரில் எத்தனை பேருக்கு விரல் எடுத்திருக்கிறார்கள் என்று அவரவர் தெருவில் எண்ணிப் பாருங்கள்.

எம்.சி.ஆர். செருப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுப்பாரே, அதன் கதை தெரியுமா? வேலூர்ப் பக்கம் தொழுநோயால் உணர்ச்சி இழந்த பாதங்களுக்காக, டாக்டர் பால் பிராண்ட் போன்றவர்கள் பாடுபட்டுப் பழக்கத்துக்குக் கொண்டுவந்த மெத்தென்ற ரப்பர் அது. அதை மாட்டினால் "சீக்காளிச் செருப்பு" என்று முகம் சுளிக்கிறோம். உலகமே மெச்ச வேண்டிய வேலை நம் மாநிலத்தில் நடந்திருக்கிறது, நமக்கு அதில் வெட்கம்!

இன்னொன்று கேட்கிறேன். 2020இல் கமலா ஹாரிஸ் தேர்தல் பிரச்சாரத்துக்குக் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு விமானத்திலிருந்து இறங்கின வீடியோவைக் குரூப்பில் போட்டது யார்? அடுத்த வருஷம் பிப்ரவரியில் வோக் பத்திரிகை அட்டையிலும் அதே மாதிரி ஷூவோடு வந்தார். தாத்தா ஊர் துளசேந்திரபுரம், "நம்ம வீட்டுப் பிள்ளை" என்று உருகினீர்கள். அப்போது அவருக்கு 56 வயது. அந்த அம்மா போட்டால் கம்பீரம், புளியங்குடி டீச்சர் போட்டால் ஓட்டப்பந்தயமா?

"நம்ம பண்பாட்டுக்கு ஒத்துவராது" என்கிறார்கள். எந்தப் பண்பாடு? செட்டிநாட்டுக் கண்டாங்கியைக் கணுக்காலுக்கு மேலேதான் கட்டினார்கள், தண்டையும் காலும் தெரிய. நம் ஆச்சிமார் சேலை தரையைக் கூட்டினதை யாராவது பார்த்ததுண்டா? கால் தெரியக்கூடாது, தரையோடு தரையாகச் சேலை புரள வேண்டும் என்பதெல்லாம் பிறகு வந்த மோஸ்தர். கோவிலில் செருப்பில்லாமல்தான் நடக்கிறேன். ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவிலில் ஆடிச்சுற்றும் சுற்றியிருக்கிறேன். மறுநாள் காலை முகூர்த்தத்தில் மணவறைக்குப் பக்கத்தில் போனபோது ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் போனேன். அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனக்கு உண்மையில் எரிச்சல் எதில் தெரியுமா? ஒரு கூட்டம், "இந்த வயசுல என்ன அலங்காரம், வெளுத்த சேலையக் கட்டிட்டு மூலையில உக்காரு" என்கிறது. இன்னொரு கூட்டம், "அலங்காரம் பண்ணினா வலியப் பொறுத்துக்கோ" என்கிறது. எனக்கு அலங்காரம் பிடிக்கும். சின்னாளப்பட்டியோ சுங்குடியோ, கரைக்கு ஏற்ற ரவிக்கை தைக்காமல் கட்ட மாட்டேன். பள்ளிக்கூடத்தில் என் சேலையைப் பார்த்துத்தான் நிறங்களின் பெயர் படித்தோம் என்று சொன்ன பிள்ளைகள் உண்டு. அதை விடவும் மாட்டேன், காலை வதைக்கவும் மாட்டேன்.

வாங்க நினைக்கிற அக்கா தங்கைகளுக்கு: சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கி உண்மையான அளவு தெரியும். பெண்கள் பிரிவில் என் கால் அகலத்துக்குக் கிடைக்கவில்லை, ஆண்கள் பிரிவில் கிடைத்தது. கடைப் பையன் சிரித்தான், சிரிக்கட்டும். கறுப்பு, மெரூன், சந்தன நிறம் என்றால் பெரும்பாலான சேலைக்கு ஒத்துப்போகும். அடிப்பக்கம் வழுக்காததாக இருக்க வேண்டும். சேலையை வழக்கத்தைவிட இரண்டு விரற்கடை ஏற்றிக் கட்டினால் தடுக்காது. ஷூ முழுசாகத் தெரியும். தெரியட்டுமே.

ஆவணியில் இங்கே எலுமிச்சை மார்க்கெட் பக்கத்து மண்டபத்தில் அடுத்த கல்யாணம். அரக்குக் கலர் சேலை எடுத்தாயிற்று, அதற்கு மெரூன் ஷூவும் வாங்கியாயிற்று. பெரியம்மை மகளுக்கும் அவள் கால் அளவு எடுத்து ஒரு ஜோடி வாங்கிவைத்திருக்கிறேன், வாக்கரோடு கூட்டிக்கொண்டு வருவேன். போட்டோ எடுக்கிறவர்கள் தலை முதல் கால் வரை எடுங்கள்.