ஒயின் திராட்சை போடலாமா?

நாசிக் போகிறவர்கள் கங்காபூர் அணைக்கட்டுப் பக்கம் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பரந்த தண்ணீர், பின்னால் தட்டையான உச்சியோடு சஹ்யாத்ரி மலைகள், சரிவில் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள். விடுமுறை நாளென்றால் மும்பை, புனே கார்கள் நிற்க இடமில்லை. பிப்ரவரியில், அறுவடை நேரத்தில், நானும் போயிருந்தேன். கோப்பையை நீட்டினார்கள். நமக்குப் பழக்கமில்லை, வீட்டம்மாவும் கூட இருந்தார், சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டேன். மது நல்லதா கெட்டதா என்ற வழக்கை இங்கே எடுக்கவில்லை. "நாமும் ஒயின் திராட்சை போடலாமா சார்?" என்று கேட்கிற தம்பிகளுக்காக எழுதுகிறேன்.

வளர்ச்சி உண்மைதான். சூலா நிறுவனத்தின் முதல் ஒயின் 2000இல் வந்தது. 2001இல் மகாராஷ்டிர அரசு இதற்கென்றே கொள்கை வகுத்துக் கலால் வரியில் சலுகை கொடுத்தது. அப்புறம் ருசி பார்க்கும் கூடம், தங்கும் விடுதி; 2022 டிசம்பரில் பங்குச்சந்தைக்கும் போய்விட்டார்கள்.

நம் கண்ணோடு பார்த்தால் பயிரிலும் நல்லது இருக்கிறது. தின்னும் விதையில்லாத் திராட்சையைப் பருக்க வைக்கக் குலையை ஜிப்ரலிக் அமிலத்தில் முக்குவார்கள். ஒயினுக்கு அது வேண்டாம். நிறமும் மணமும் தோலில் இருப்பதால் சின்னப் பழம்தான் நல்லது. தண்ணீரும் அளவோடு போதும். ஆனால் அடிச்சாம்பல் நோய் விடாது. அதற்கு நாம் நம்புகிற போர்டோ கலவையே பிரான்சின் ஒயின் தோட்டங்களில் பிறந்ததுதான். அதிலுள்ள தாமிரம் மண்ணிலேயே தங்கிவிடும். ஐரோப்பாவில் 7 ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரத்துக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடே உண்டு.

இதையெல்லாம் சமாளிக்கலாம். வங்கியில் கடன் மனு பார்த்த கண்ணுக்கு உறுத்துவது வேறு: பழத்தை யார் வாங்குவார்? கொட்டை, தடித்த தோல், சின்னப் பழம். உழவர் சந்தையில் கூறு கட்டினால் யாரும் தொடமாட்டார்கள். ஆலை ஒன்றுதான் வாசல். 2008இல் உலகப் பொருளாதாரம் சரிந்து, நவம்பரில் மும்பைத் தாக்குதலும் நடந்தபோது ஓட்டல்கள் காற்றாடின, ஒயின் தேங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் பழம் எடுக்க ஆளில்லாமல் கொடியையே பிடுங்கிப் போட்ட விவசாயிகள் அங்கே உண்டு. தக்காளி என்றால் அடுத்த போகம் மாற்றிக்கொள்வோம். கொடிக்குத் தூண், கம்பி, இரண்டு மூன்று வருடக் காத்திருப்பு, அத்தனைக்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஆலைக்காரர் கொள்முதலைக் குறைத்துக்கொள்ளலாம். கடன் நம் பட்டாவின் மேல் அல்லவா நிற்கிறது?

அதே நாசிக் மாவட்டத்தில் மொஹாடி ஊரில் சஹ்யாத்ரி ஃபார்ம்ஸ் இருக்கிறது. சுற்றுலா போகிறவர்கள் அதையும் பாருங்க. அது விவசாயிகளே பங்குதாரர்களாக உள்ள உற்பத்தியாளர் நிறுவனம். திராட்சை ஏற்றுமதியும் உண்டு, பழக்கூழ் ஆலையும் உண்டு. மலைக்காட்சி கொஞ்சம் குறைவுதான், ஆனால் நான் அதிக நேரம் நின்றது அங்கேதான்.

நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, அதாவது மஸ்கட் ஹாம்பர்க், 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. தின்னவும் ஆகும், சாறு பிழியவும் ஆகும், ஒயினுக்கும் போகும். திராட்சை போட்டே தீருவேன் என்கிற தம்பிகள் முதலில் அங்கே போய் நாலு தோட்டம் பார்த்துவிட்டு வாருங்கள். ஆலை ஒப்பந்தம் ஏதாவது கையில் இருந்தால், ஆலை பழத்தை எடுக்காத வருடம் பணம் யார் தருவது என்ற வரி அதில் எங்கே இருக்கிறதென்று தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் கையெழுத்து போட வேண்டாம்.