மரத்துக்கும் சான்றிதழ் வேண்டும். அது எந்தச் சான்றிதழ்?

சீமெந்து மூட்டை வாங்கும்போது எஸ்.எல்.எஸ். இலக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். கம்பி வாங்கும்போதும் அப்படித்தான். ஆனால் அதே வீட்டின் கூரைக்கு மரம் வாங்கும்போது "நல்ல மரம்தானே?" என்று கேட்டு, "நல்ல மரம்தான்" என்ற பதிலோடு திருப்தியடைந்து விடுகிறோம்.

முன்பு இது போதுமாக இருந்தது. முதிரை, பாலை, தேக்கு என்று மரக்காலைக்கு வந்த மரத்தைத் தச்சு பாஸ் தட்டிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார். இன்று நாம் விற்பது மருந்தேற்றிய ரப்பர் மரம், வெளிநாட்டுப் பைன், துண்டுகளைப் பல் வெட்டி ஒட்டிய பலகை, அடுக்கடுக்காக ஒட்டிய தீராந்தி, தொழிற்சாலையிலேயே செய்துவரும் கூரைச் சட்டம், பெட்டியில் வந்து இறங்கும் மரக் கபானா. இவற்றில் பசையின் தரத்தையோ, மருந்து எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதையோ கண்ணால் காண முடியாது. தட்டிப் பார்த்தும் பயனில்லை. எனவே சான்றிதழ் அவசியமாகிறது.

இங்கேதான் எமது வியாபாரிகளிடையே ஒரு குழப்பம் நிலவுகிறது. முத்திரை எதுவாயினும் அது தரமுத்திரை என்று எண்ணிவிடுகிறோம். மரத்தில் ஐ.பி.பி.சி. அடையாளத்துடன் எச்.டி. என்ற எழுத்துகள் இருந்தால், மரத்தின் உள்ளே 56 பாகை செல்சியஸ் சூடு 30 நிமிடம் ஏற்றப்பட்டது என்று பொருள். பொதிப் பெட்டிகளோடு பூச்சி நாடு கடந்து செல்வதைத் தடுக்கவே அந்த ஏற்பாடு. மரத்தின் பலத்தைப் பற்றியோ, நாளை கறையான் வருமா என்பது பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை. எஃப்.எஸ்.சி. சான்றிதழ் காட்டைப் பேணிய முறையைச் சொல்கிறது. ஐ.எஸ்.ஓ. 9001 தொழிற்சாலையின் நிர்வாக முறையைச் சொல்கிறது. "மாதிரி பரிசோதிக்கப்பட்டது" என்ற அறிக்கை அனுப்பப்பட்ட அந்த ஒரு துண்டைப் பற்றி மட்டுமே பேசுகிறது. எல்லாம் உண்மையான ஆவணங்கள்தான். ஆனால் கூரை தாங்குமா என்ற கேள்விக்கு இவற்றில் எதிலும் பதில் இல்லை.

அதற்குப் பதில் சொல்வது பலத் தர முத்திரை. ஐரோப்பிய மரத்தில் சீ 16, சீ 24 என்று பொறித்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்த எண் வளைவைத் தாங்கும் பலத்தின் அளவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய கட்டுமான மரத்துக்கு சீ.ஈ. அடையாளம் கட்டாயம். தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டை வெளியார் ஒருவர் தொடர்ந்து கண்காணித்தால்தான் அதை இட முடியும்.

சான்றிதழ் இருந்தும் அதன் எல்லையை மீறினால் என்ன நடக்கும் என்பதற்கு ஜேர்மனியின் பாட் ரைஹென்ஹால் நகரம் சாட்சி. 2006 ஜனவரி 2ஆம் திகதி அங்குள்ள பனிச்சறுக்கு மண்டபத்தின் மரக்கூரை இடிந்து 15 பேர் மாண்டனர். பெரும்பாலானோர் சிறுவர்கள். அந்த வகைத் தீராந்திக்கு 1.20 மீற்றர் உயரம் வரைதான் அனுமதி இருந்தது. அங்கே போடப்பட்டதோ 2.87 மீற்றர். கணக்கிலும் பிழை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒட்டியிருந்த யூரியாப் பசை ஈரத்தைத் தாங்காதது. ஆண்டுக்கணக்கில் ஈரம் பட்டு ஒட்டு விட்டிருந்தது.

எமக்குப் பனி இல்லை, உண்மை. ஆனால் ஈரத்துக்குக் குறைவில்லையே! குளிர்நாட்டு அறைக்குள் பாவிக்கச் செய்த பலகையை இங்கே கடற்கரைக் கபானாவுக்கு விற்றால் என்னவாகும்? மருந்தேற்றிய ரப்பர் மரமும் அப்படியே. போரோன் மருந்து மழையில் கரைந்து போகும். கூரைக்குக் கீழே இருக்கும்வரை நன்று, வெளியே வைத்தால் வீண். மருந்தை வெறுமனே பூசியிருந்தால், வாளால் அறுத்த இடத்திலேயே கறையானுக்கு வாசல் திறந்துவிட்டோம்.

எனவே மர வியாபாரத்திலுள்ள சகோதரர்களுக்கு நான் கூறுவது இதுதான். இறக்குமதிக்குப் பணம் கட்டும் முன்பே சான்றிதழை வாங்கிப் படியுங்கள். எந்தப் பொருளுக்கு, எந்த அளவுக்கு, உள்ளே பாவிக்கவா வெளியே பாவிக்கவா என்று பாருங்கள். சான்றிதழில் உள்ள தொகுதி இலக்கமும் மரத்தில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். விற்கும்போது பாவனைக்குரிய இடத்தைப் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். ஈரமானி ஒன்றைக் கடையில் வைத்திருங்கள். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டிய மரம் பூஞ்சணத்துக்கு இடம் கொடுக்கும்.

"சின்ன வியாபாரிக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தனியொருவர் பரிசோதனைச் செலவைச் சுமப்பது கடினம். பத்து மரக்காலைக்காரர் சேர்ந்தால் அது பெரிய தொகையல்ல. வியாபாரச் சங்கங்கள் கூட்டம் கூடிப் பொன்னாடை போர்த்துவதோடு நிற்காமல் இதைப் பொறுப்பேற்கலாம். இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்திடம் கூட்டாகப் போய்ப் பேசலாம்.

சான்றிதழ் வாங்குபவனுக்கு மட்டும் காவல் அல்ல. நாளை ஒரு கூரை இறங்கினால் முதலில் தேடப்படுவது மரம் விற்றவனைத்தான். அன்று "நல்ல மரம்தான்" என்ற வாய்ச்சொல் எமக்குக் கைகொடுக்காது. பில்லும் சான்றிதழும்தான் பேசும்.