நீலப் பூ மலரும் நிலமூடு செடிகள்: நிறத்திற்கு முன் இயல்பை நோக்குக

வீட்டுவளவில் வெறுமையாக விடப்படும் நிலம் இருவகையிற் கேடுறுகின்றது. கோடையில் வெயில் அதன் ஈரத்தை உறிஞ்சிவிடுகின்றது. மாரியில் பெருமழை அதன் மேல்மண்ணைக் கரைத்துக்கொண்டு செல்கின்றது. ஆதலின், நிலத்தோடு படர்ந்து அதனைப் போர்வைபோல மூடும் செடிகளை வளர்த்தல் அழகுக்கு மட்டுமன்றி மண்காப்புக்கும் உகந்த செயலாகும். அவற்றுள் நீலப் பூ மலர்வனவற்றைப் பலர் நாடுகின்றனர். நீலம் தோட்டங்களில் அரிதாகக் காணப்படும் நிறமாதலால் அவ்விருப்பம் இயல்பானதே. எனினும், பூவின் நிறத்தை மாத்திரம் நோக்கிச் செடியைத் தெரிவு செய்தல் பெருந் தவறாகும்.

இதற்கு இந்நாட்டின் குளங்களே சான்று பகரும். மட்டக்களப்புப் பகுதியில் ஆற்றுவாழை என வழங்கும் ஆகாயத்தாமரை, தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. அதன் இளநீலப் பூவின் அழகில் மயங்கியோர் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை இலங்கைக்குக் கொண்டுவந்தனர். சில ஆண்டுகளுக்குள் அது நீர்நிலைகளில் பரவிப் பெருந்தொல்லையாயிற்று. அதனை ஒழிப்பதற்கு 1909 ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. அதன் பின்னர் நூறாண்டுகளுக்கு மேல் கழிந்தும் அத்தொல்லை நீங்கவில்லை. அழகுக்கென வைத்த செடியின் விளைவைக் கமக்காரரும் மீனவரும் இன்றும் அனுபவிக்கின்றனர்.

நிலத்திலும் இத்தகைய செடி உண்டு. கானாவாழையின் பூ தெளிந்த நீலமுடையது. அது நிலத்தையும் விரைவில் மூடும். ஆனால் மண்வெட்டியால் வெட்டுண்ட அதன் தண்டு, ஈரமண்ணிற் கிடப்பின் கணுக்கள் தோறும் வேர்விட்டுத் தனிச்செடியாகும். அதன் ஓர் இனம் மண்ணுக்குள்ளேயும் பூத்து விதை தருவது. மரக்கறிப் பாத்திகளுக்கு அண்மையில் அதற்கு இடமளித்தல் களையை விலைகொடுத்து வாங்குவதற்கு ஒப்பாகும்.

உலர்வலய வளவுகளுக்கு மிகவும் ஏற்றது விஷ்ணுகிரந்தியாகும். மணற்பாங்கான, வளங்குறைந்த நிலத்திலும் அது வெயிலைத் தாங்கி வளரும். அதன் சிறிய நீலப் பூக்கள் காலையில் விரிந்து பிற்பகலிற் கூம்பும். மிகுதியான நீரும் பசளையும் அதற்கு வேண்டா; நீர் தேங்கும் இடமும் அடர்ந்த நிழலும் அதற்கு ஒவ்வா.

பரந்த இடத்தை மூடுவதற்குச் சங்குப்பூ சிறந்தது. காக்கணங்கொடி எனவும் அறியப்படும் இதனை வேலியில் ஏற்றுவதே வழக்கம். ஆயினும் பற்றுக்கோடு இல்லாதவிடத்து அது நிலத்திற் படர்ந்து நன்கு மூடும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாகையால் வேர்முண்டுகளிலுள்ள நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள நைதரசனை நிலைப்படுத்தி மண்ணை வளப்படுத்தும். பூசைக்கும் பூத் தரும். விதையின் தோல் கடினமானது. ஆகவே விதைகளை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, மாரி மழை தொடங்கும்போது ஒன்றரை அடி இடைவெளியில் ஊன்றுதல் வேண்டும். பூஞ்செடிகளிலிருந்து மூன்றடி விலக்கி நடுதலும், நீண்டு செல்லும் நுனிகளை அவ்வப்போது வெட்டுதலும் அவசியம். வெட்டிய தழை கூட்டெருவுக்கு உதவும்.

மழை மிகுந்த பகுதிகளிலுள்ள தென்னந் தோட்டங்களுக்குக் கலப்பகோனியம் என்னும் மூடுபயிர் பொருந்தும். அதுவும் சிறு நீலப் பூக்களை உடையது. அது பற்றி ஏறும் கொடியாதலின், மரத்தைச் சுற்றி ஆறடி நிலத்தைத் துப்புரவாக வைத்திருத்தல் வேண்டும். உலர்வலயத்தின் நெடிய வரட்சியை அது தாங்காது.

உள்ளூர்ச் செடிகளின் பூக்கள் சிறியவை, பகட்டற்றவை என்று கூறுவோர் உளர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் மேல்நாட்டு நூல்கள் புகழும் அஜுகா போன்ற குளிர்நாட்டுச் செடிகள் யாழ்ப்பாணத்துக் கோடையில் நிலைப்பது அரிது. பட்டுப்போகும் செடிக்குக் கிணற்று நீரை இறைப்பதிலும், தானே தழைக்கும் செடியைப் பேணுதல் அறிவுடைமை. எச்செடியும் செழிக்காத மரநிழலில் உதிர்ந்த சருகை அகற்றாது விடுவதே போதிய மூடலாகும்.

ஆகவே, புதிய செடியொன்றை வளவுக்குள் கொண்டுவருவோர் மூன்று வினாக்களை முதலில் எழுப்புதல் வேண்டும். அது எவ்வாறு பரவுகின்றது? வேண்டாதபோது அதனை வேரோடு அகற்ற முடியுமா? மழை வெள்ளம் அதன் விதையையோ தண்டையோ எங்கே கொண்டு சேர்க்கும்? இவற்றுக்குத் தக்க விடை கிடைத்த பின்னரே பூவின் நிறத்தைப் பற்றி எண்ணுதல் முறையாகும். ஒருவரது வளவிலிருந்து தப்பும் கொடி அயலவரின் வயலிலும் ஊர்க்குளத்திலுமே சென்று தங்கும். அதனை அகற்றும் உழைப்பு, அதனை நட்டவருக்கு மட்டுமன்றி ஊருக்கே உரியதாகிவிடும்.