வரி கட்டுபவனுக்குச் சலுகை, குளிரில் நடுங்குபவனுக்கு?

அமெரிக்காவில் குளிர்காலம் வந்தால் ஏழையின் கூலியில் ஒரு நல்ல பங்கை வீட்டைச் சூடாக்கும் செலவே தின்றுவிடுகிறது. சுவருக்குள் பஞ்சடைத்து, ஜன்னல் இடுக்குகளை மூடினால் செலவு குறையும். இதற்குச் சர்க்கார் எல்லாருக்கும் உதவுகிறது என்று அங்கே தம்பட்டம் அடித்தார்கள். 2022-ம் வருஷச் சட்டம் இரண்டு வரிச் சலுகைகளைப் பெரிதாக்கியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இருக்கும் வீட்டைச் செப்பனிட்டால் செலவில் 30 சதவீதம். ஆனால் பஞ்சு, ஜன்னல், கதவு வகைக்கு வருஷத்துக்கு 1,200 டாலர்தான் உச்சவரம்பு. மின்சாரத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்ப் யந்திரத்துக்கு 2,000. கூரைமேல் சூரிய மின்தகடு போட்டாலும் அதே 30 சதவீதம். அதற்கு மட்டும் உச்சவரம்பே கிடையாது! 50,000 டாலருக்குத் தகடு பரப்பியவனுக்கு 15,000 டாலர்.

இதைவிடப் பெரிய சூட்சுமம் வேறு. வரிச் சலுகை கையில் கொடுக்கும் காசல்ல. கட்டவேண்டிய வரியில் கழிப்பது. வரி கட்டும் அளவுக்குக் கூலியே இல்லாதவனுக்கு எதில் கழிப்பது? "எல்லாருக்கும் போனஸ்" என்று மில் வாசலில் போர்டு எழுதி, அடியில் "நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும்" என்று பொடி எழுத்தில் போடும் வித்தைதான் இது. முதலில் கைக்காசைப் போடவேண்டும். மறு வருஷம் வரிக் கணக்குக் கொடுக்கும்போதுதான் சலுகை. அங்கே சுமார் மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்கள் வாடகை வீட்டில் இருக்கின்றன. அடுத்தவன் சுவருக்குக் குடித்தனக்காரன் பஞ்சடைப்பானா? வீட்டுக்காரனுக்கோ, கரண்ட் பில் தன் தலையில் விழாதவரை கவலையில்லை.

இது நமது வசவு அல்ல. 2006 முதல் வழங்கிய இத்தகைய சலுகைகளைக் கலிபோர்னியா சர்வகலாசாலைப் பொருளாதார நிபுணர்கள் போரன்ஸ்டைனும் டேவிஸும் ஆராய்ந்து 2015-ல் சொன்ன கணக்கு: வருமானத்தில் மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்கினர் சுமார் 60 சதவீதத்தை வாரிக்கொண்டனர், கீழுள்ள ஐந்தில் மூன்று பங்கினருக்குக் கிடைத்தது சுமார் 10 சதவீதம். 2023-ம் வருஷத்துக்கு 34 லட்சம் குடும்பங்கள் பெற்ற 840 கோடி டாலரில் 630 கோடி, அந்த உச்சவரம்பில்லாத சலுகைக்கே போயிற்று.

வேறு வழி இல்லாமலில்லை. 1976-ல் தொடங்கிய திட்டம் ஒன்று அங்கே உண்டு. குறைந்த வருமானக்காரர் வீட்டுக்குச் சர்க்கார் செலவில் வேலையாட்களே வந்து இடுக்கை அடைத்து, பஞ்சடைத்துவிட்டுப் போவார்கள். வரிக் கணக்கும் வேண்டாம், கைக்காசும் வேண்டாம். வாடகை வீட்டுக்கும் உண்டு. ஆனால் காத்திருக்கும் வீடுகளுக்கு முன்னால் அதற்கு ஒதுக்கும் பணம் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

2025 ஜூலை 4-ல் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் இரண்டு சலுகைகளையும் அவ்வருஷ டிசம்பர் 31-ம் தேதியோடு நிறுத்தியது. வசதிக்காரன் சலுகை ஒழிந்தது என்று யாரும் கைதட்ட வேண்டாம். அதே சட்டம்தான் பெரும் பணக்காரர்களின் வரிக் குறைப்பை நிரந்தரமாக்கி, ஏழைகளின் வைத்திய உதவியையும் உணவு உதவியையும் வெட்டியது. சலுகையை நிறுத்தி மிச்சம் பிடித்த பணம் குடித்தனக்காரனின் ஜன்னலை அடைக்கப் போகவில்லை.